ஒரு தாய்க்கு ஒரு பிள்ளை

திங்கட்கிழமைகளில் ஜெசிந்தா பிள்ளைகளைப் பார்க்கப் போவாள்.

நூக் துறைமுகத்துக்கு மேலே, பாறையில் கட்டிய கணிப்பகத்தின் மேல்மாடியில் அந்த அறை இருந்தது. மூன்று நாற்காலிகள், சுவரை நிறைத்த திரை, ஜன்னலுக்கு வெளியே சரிவு முழுக்க பார்லி. ஒரு காலத்தில் அந்தச் சரிவுகள் ஆண்டின் பாதிக்கு மேல் பனிக்கடியில் கிடந்தனவாம். இப்போது கிரீன்லாந்து பெயருக்கேற்றபடி பச்சையாகவே இருந்தது. தெற்கே வெள்ளத்திலும் வெயிலிலும் விளையாமல் போனதெல்லாம் இங்கே விளைந்தது. அதனால் வடநாடுகள் ஒன்றுசேர்ந்து வடகூட்டு என்று ஆனபோது நூக் அதன் தலைநகரானது.

தெற்கே அகதி முகாமின் அளக்கும் கூடத்தில் விளையாடும் பிள்ளைகள் திரையில் தெரிவார்கள். எல்லாருக்கும் மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள். இரண்டு பேருக்கு நடுவில் ஒரே பொம்மை வைக்கப்படும். திறக்க வராத பெட்டி ஒன்று கையில் கொடுக்கப்படும். கூடத்தின் கூரையிலிருந்த சென்சார்கள் அவர்களுடைய கண் எங்கே போகிறது, மூச்சு எப்படி ஓடுகிறது, அழுகை எப்போது அடங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு துளி ரத்தமும் எடுப்பார்கள். கடைசியில் திரையின் ஓரத்தில் ஓர் எண் தோன்றும். அதற்கு முளைமதிப்பு என்று பெயர். முதலில் விதைகளுக்குத்தான் அப்படியொரு அளவு இருந்தது. பையில் இருக்கும் விதையில் எவ்வளவு முளைக்கும் என்பதைச் சொல்லும் அளவு. பிறகு அகதிப் பிள்ளைகளுக்கும் அதே சொல் ஒட்டிக்கொண்டது. இந்தப் பிள்ளையை இங்கே கொண்டுவந்து வளர்த்தால் எவ்வளவு வளரும் என்பதை அது சொன்னது.

ஒரு தாய்க்கு ஒரு பிள்ளை. அதுதான் சட்டம். எண் கூடிய பிள்ளை கப்பல் ஏறும். மற்றப் பிள்ளைகளும் தாய் தகப்பனும் முகாமில் இருப்பார்கள். இயந்திரம் சொன்னதை மூன்று குடிமக்கள் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அதில் ஒருவர் அப்படி வந்து வளர்ந்த முளைப்பிள்ளையாக இருக்க வேண்டும். அந்த நாற்காலியில்தான் ஜெசிந்தா பல வருடங்களாக உட்கார்ந்திருந்தாள்.

அன்று குழுவுக்குப் புதிதாக வந்திருந்த பள்ளி ஆசிரியர் திரையைப் பார்த்தபடி கேட்டார். "இந்தப் பெண்ணை எடுத்துக்கொள்கிறோம். சரி. அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, அவளுடைய தம்பி. அவன் என்ன ஆவான்?"

குழுத் தலைவர் ஒலுஃப் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தார். இத்தகைய கேள்விகளுக்கு அவள்தான் பதில்.

"எனக்கும் கூடப் பிறந்த ஒருத்தி இருந்தாள். இரட்டைப் பிள்ளைகள் நாங்கள்" என்றாள் ஜெசிந்தா. "அவள் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்போம் என்று மட்டும் தெரியும். ஒருத்தியாவது வந்தாளே என்று நினைத்துக்கொள்ளுங்கள்."

ஆசிரியர் தலையை ஆட்டிவிட்டு உறுதிசெய்தார்.

அவள் சொன்னது பொய்யில்லை. மன்னார்க் கடலுக்கு அடியில் கிடந்த ஏதோ கனிமத்துக்காகத் தொலைதூர வல்லரசுகள் இரண்டு மோதிக்கொண்ட நீரிணைப் போரில் அவள் பிறந்தாள். அந்தக் கனிமத்தின் பெயர்கூட மன்னார்ச் சனங்களுக்குத் தெரியாது. கரையெல்லாம் கண்ணிவெடி. சனங்களைப் பழைய சரக்குப் படகுகளில் ஏற்றி, படகுகளை இரும்புச் சங்கிலியால் ஒன்றோடொன்று கோத்துக் கடலில் நிறுத்தினார்கள். அதைத் தெப்பமுகாம் என்றார்கள். போர் முடிந்தது. கரையை யாரும் திருப்பித் தரவில்லை. தெப்பம் அப்படியே நின்றது.

வடகூட்டு அனுப்பிய முதல் கப்பலில் அவள் வந்தாள். மூன்று வயது. கையில் 'ஜெசிந்தா' என்று எழுதிய கைப்பட்டி. வீட்டில் இரண்டு பேரையும் குஞ்சு என்றுதான் கூப்பிட்டார்கள் போலிருக்கிறது. ஜெசிந்தா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே அவளுக்குச் சில மாதங்கள் பிடித்ததாம். முதல் குளிர்காலம் முழுவதும் மூச்சு இழுப்பு. நோயில்லாத பிள்ளை என்று கோப்பில் இருக்கிறதே என மருத்துவர் குழம்பினார். கப்பல் ஈரத்தில் பிடித்திருக்கும் என்று முடிவு செய்து ஒரு மருந்தைத் தந்தார். அடுத்த ஆண்டே அது போய்விட்டது.

அவளை எடுத்து வளர்த்த ஆனேயும் பீட்டரும் நல்லவர்கள். பள்ளியும் நல்ல பள்ளி. கணக்கில் அவள் தோற்றபோது யாரும் அவளுக்குக் கணக்கு வராது என்று சொல்லவில்லை. முளைமதிப்பு அவ்வளவு உயர்ந்த பிள்ளைக்குக் கணக்கு வராமல் இருக்குமா, சொல்லித்தந்த முறைதான் சரியில்லை என்று ஆசிரியரை மாற்றினார்கள். மூன்றாவது ஆசிரியரிடம் கணக்கு வந்தது. எந்த அறைக்குள் போனாலும் அவளுக்கு முன்னால் அவள் எண் போயிருக்கும்.

பதினெட்டு வயதில் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க அனுமதி கிடைத்தது. தாய் இறந்துவிட்டார், சகோதரி பற்றித் தகவல் இல்லை என்று பதில் வந்தது. ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் தேர்வுக்குப் போனாள். அதையும் மெச்சினார்கள்.

பிறகு உப்பு மண்ணில் விளையும் உருளைக்கிழங்கு விதையை உருவாக்கினாள். கடல் ஏறிய நாடுகள் எல்லாம் அதை வாங்கின. நூக்கைச் சுற்றி அவளுடைய கண்ணாடிப் பண்ணைகள் மலைச்சரிவுகளில் மின்னின. ஒரு திருமணம் நடந்து முறிந்தது. பிள்ளை இல்லை. கணிப்பகத்தின் ஆண்டு விழாவில் ஒவ்வொரு வருடமும் அவள் மேடையேறுவாள். இதோ, கணிப்புக்குச் சான்று என்று ஒலுஃப் அவளைக் காட்டுவார். நாற்பத்தெட்டு வயதுவரை அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

அந்தக் கோடையில் பண்ணை மேற்பார்வையாளர் பவுலா அழைத்தாள். "கிழக்குப் பண்ணைக்கு ஒருமுறை வர முடியுமா? பருவ வேலைக்கு வந்தவர்களில் ஒரு பெண்."

"ஏதாவது தகராறா?"

"தகராறு இல்லை. அவளுக்கு உங்கள் முகம்."

தெப்பமுகாம்களிலிருந்து பருவ வேலைக்கு ஆள் எடுக்கத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கோடையில் வருவார்கள், குளிர் தொடங்கும் முன் திருப்பி அனுப்பப்படுவார்கள். ஜெசிந்தா போனபோது அந்தப் பெண் தக்காளிச் செடிகளின் பக்கக் கிளைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். அதே நெற்றி. அதே மூக்கு. கண்ணுக்குக் கீழே அதே மச்சம். ஆனால் தோல் உப்பில் ஊறிக் காய்ந்திருந்தது. மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. பத்து வயது மூத்தவள் போலிருந்தாள்.

"நீங்கள்... உங்கள் பெயர் என்ன?" ஜெசிந்தாவுக்கு வேறொன்றும் கேட்க வரவில்லை.

"றொசாலி எண்டு கூப்பிடுவினம்." அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீ நல்லாத் தமிழ் கதைக்கிறாய். செய்தி வாசிக்கிறவையள் மாதிரி."

ஜெசிந்தாவின் தமிழ் வடகூட்டின் தாய்மொழி வகுப்பில் கற்ற தமிழ். அதில் பிழை இருக்காது. வீடும் இருக்காது. அது அவளுக்கு அன்றுதான் உறைத்தது.

பண்ணையின் உணவுக்கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்தார்கள். றொசாலி சூப்பை ஊதி ஊதிக் குடித்தாள். கிண்ணம் காலியான பிறகுதான் ஜெசிந்தா கேட்டாள்.

"என்னை எப்படிக் கண்டுபிடித்தாய்?"

"உன்னைக் கண்டுபிடிக்க என்ன கிடக்கு? வருசா வருசம் தெப்பத்தில பெரிய திரை கட்டி உன்னைத்தானே காட்டுறவங்கள். முளைப்பிள்ளை எப்பிடி வளந்திருக்கு பாருங்கோ எண்டு. உன்னைப் பாத்துத்தான் நான் எப்பிடி இருந்திருப்பன் எண்டு எனக்குத் தெரியும்."

"நான் உன்னைத் தேடினேன். தகவல் இல்லை என்று சொன்னார்கள்."

"தேடியிருப்பாய்." அவள் குரலில் குற்றச்சாட்டும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. "உனக்கு இழுப்பு இப்பவும் வாறதோ?"

ஜெசிந்தா திகைத்தாள். "சின்ன வயதில் வந்ததாம். கோப்பில் அப்படி ஒன்றும் இல்லை. கப்பலில்..."

"கோப்பில இருக்காது. கோப்பு என்ர."

உணவுக்கூடத்தில் மற்ற வேலைக்காரர்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். றொசாலி அவர்கள் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"ரெண்டு பேரையும் கூடத்துக்குள்ள விட்டு அளந்தவங்கள். எனக்குக் கூட வந்தது. உனக்கு நல்லாக் குறைய. நீ மூச்சிழுக்கக் கஸ்டப்பட்டுக்கொண்டு ஒரு மூலையில இருந்தியாம், விளையாடேல்லையாம். என்ர கையில பட்டி கட்டினவங்கள். ஜெசிந்தா எண்டு. என்ர பேர் அதுதான், றொசாலி உன்ர பேர். கப்பல் வர ஒரு கிழமை கிடந்தது. மாரி மழை தொடங்கீட்டுது. தெப்பத்தில படுக்கிற பலகையெல்லாம் ஈரம், மருந்தெண்டு ஒண்டும் இல்லை. நீ நீலம் பாரிச்சுப்போய்க் கிடக்கிறாய். அந்தக் கிழமை ஏழு நாளும் அம்மா நித்திரை கொள்ளேல்ல. கப்பல் வாற அண்டைக்கு விடியப்புறம் என்ர கையில சவுக்காரத்தைப் பூசிப் பட்டியை உருவி உன்ர கையில போட்டவ."

ஜெசிந்தா தன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள்.

"'இவள் எங்க விட்டாலும் பிழைப்பாள். அவளுக்கு இஞ்ச இன்னொரு மாரி இல்லை' எண்டு பக்கத்துப் படகுப் பெண்டுகளுக்குச் சொன்னவவாம். அந்தப் பெண்டுகள்தான் மறைச்சுக் குடுத்தவை. ஒரு வெள்ளைக்காரரும் சந்தேகப்படேல்ல. தாய் கள்ளம் செய்தாலும் கெட்டிக்காரப் பிள்ளையை அனுப்பத்தானே செய்வாள் எண்டு அவங்கள் நினைச்சிருப்பாங்கள்."

"உனக்கு யார் சொன்னது?"

"அம்மாதான். எனக்குப் பதினைஞ்சு வயசில. அவவோட ஒரு வருசம் நான் கதைக்கேல்ல. திரையில உன்ர பள்ளிக்கூடத்தைக் காட்டினா எழும்பிப் போயிருவன். பேந்து டெய்சி, என்ர மகள், பிறந்தாப்பிறகுதான் கதைச்சனான். அவ பிழை செய்யேல்ல. ரெண்டு பேரும் உயிரோட இருக்கிறம் தானே. அவங்கட மெசின் சொன்னபடி விட்டிருந்தா ஒராள்தான் மிஞ்சியிருக்கும்." அவள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "உயிரோட இருக்கிறதெண்டா என்னெண்டு மட்டும் என்னட்டக் கேக்காதை."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெசிந்தா அவளை வீட்டுக்கு அழைத்துவந்தாள். பண்ணை முதலாளிக்கு அந்த உரிமை இருந்தது. றொசாலி அந்த வீட்டில் எதையும் தொடாமல் நடந்தாள். சுவரில் ஜெசிந்தா பட்டம் வாங்கும் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதன்முன் நின்று, "இது நான்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று வெகுநேரம் குளியலறைக் கண்ணாடியில் தன் பற்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பற்களைக் கட்டித் தருகிறேன், இங்கேயே தங்க வழி பார்க்கிறேன் என்று அவள் சொன்னதையெல்லாம் றொசாலி மறுத்தாள். முளைப்பிள்ளை தன் உறவினரை அழைத்துக்கொள்ளக் கூடாது என்ற சட்டத்தை ஜெசிந்தாவைவிட அவள் நன்றாக அறிந்திருந்தாள். அவள் பேசியதெல்லாம் டெய்சியின் இரண்டு பெண்பிள்ளைகளைப் பற்றித்தான். மூத்தவள் மெலனிக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. இளையவள் றீற்றாவுக்கு நாலு.

"மூத்தது பாயும். படகுக்குப் படகு தாவும், சொல்வழி கேக்காது. சின்னன் உன்னை மாதிரி. இழுப்பு. மாரியில பக்கத்தில படுத்தா விசில் ஊதுற மாதிரிக் கேக்கும்." றொசாலி விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். "இந்த ஐப்பசியில எங்கட பக்கம் அளக்க வருவினம். மெலனிக்குத்தான் கிடைக்கும். டெய்சி பட்டியை மாத்திக் கட்டுவாள்."

"உன் மகளும் அதையே செய்யப்போகிறாளா?"

"அவள் மட்டுமே? வீட்டில ஒரு பிள்ளை நோஞ்சானாக் கிடந்தாச் செய்வினம். தெப்பத்தில எல்லாருக்கும் தெரியும். ஆரும் அதைக் கதைக்கிறேல்ல."

ஜெசிந்தா எழுந்து ஜன்னல் அருகே போனாள். தான் உறுதிசெய்த பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக வந்தன. அவர்களில் எத்தனை பேர் கப்பலில் ஏறியிருப்பார்கள், எத்தனை பேருக்குப் பதில் வேறொரு பிள்ளை ஏறியிருக்கும்? யாருக்கும் தெரியாது. கணிப்பகம் ஆண்டுதோறும் அந்தப் பிள்ளைகளின் வெற்றியைத்தான் தன் வெற்றி என்று பறைசாற்றிக்கொண்டிருந்தது.

"நான் இதைச் சொல்லப்போகிறேன்" என்றாள். "ஆண்டு விழாவில் எல்லார் முன்னாலும்."

றொசாலியின் முகம் மாறியது. "என்னத்தை?"

"அவர்கள் தேர்ந்தெடுக்காத பிள்ளை நான் என்று. அவர்களுடைய எண்ணுக்கு அர்த்தமே இல்லை என்று. தெப்பத்தில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் என்னைப் போல வந்திருக்கலாம் என்று சொல்வேன். அதைக் கேட்ட பிறகு அவர்களால் இந்த முறையை நடத்த முடியாது."

"விசரா உனக்கு?" றொசாலி எழுந்து அவள் கையைப் பிடித்தாள். முதல்முறையாக அவளைத் தொட்டது அப்போதுதான். "எல்லாரையும் எடுக்கப்போறாங்கள் எண்டு நினைக்கிறியோ? கப்பல் ஒண்டுதான் வரும். நீ சொன்னா கப்பல் ரெண்டாகாது. பட்டிதான் மாத்த ஏலாததாப் போகும். தாய்மாருக்கு மிஞ்சிக் கிடக்கிறது அந்தப் பட்டி மட்டும்தான்."

"உன்னைப் பற்றியும் தெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டேன். என்னைப் பற்றி மட்டும்."

"உன்ர வாயை நான் என்னெண்டு மூடுறது? உனக்கு உள்ளுக்குள்ள அரிக்குது. சொன்னாச் சுகமாயிருக்கும். அதுக்காகச் சொல்லப்போறாய்."

"நாற்பத்தைந்து வருடம் உன் பெயரில் வாழ்ந்திருக்கிறேன். இன்னும் மேடையேறி அதே பொய்யைச் சொல்லச் சொல்கிறாயா?"

"ஓம்" என்றாள் றொசாலி. "சொல்லு. நான் உன்ர வாழ்க்கையைக் கேக்கேல்ல. பேரைக் கேக்கேல்ல. இதை மட்டும்தான் கேக்கிறன். வாயை மூடிக்கொண்டிரு."

ஜெசிந்தா அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் காப்பாற்றியிருப்பாள். உண்மையைச் சொன்னால் உலகம் திருந்தும் என்று அவளுக்கு நல்ல பள்ளிகளில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. ஜெசிந்தா தான் எழுதிக் கொண்டுவந்திருந்த உரையை மடித்து வைத்துவிட்டுப் பேசினாள். தன் தாய் பட்டியை மாற்றினாள் என்றாள். தன் உண்மையான எண் இந்த மண்டபத்தில் யாருடைய எண்ணையும்விடக் குறைவு என்றாள். "நீங்கள் நாற்பத்தைந்து வருடமாக என்னைக் காட்டிப் பெருமைப்பட்டீர்கள். நீங்கள் வேண்டாம் என்று விட்ட பிள்ளை நான்" என்றாள்.

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். பலர் அழுதார்கள். ஒரு தாயின் தியாகம் என்று மறுநாள் செய்திகள் எல்லாம் அதையே பேசின. நகரத்தில் அந்தத் தாய்க்கு ஒரு சிலை வைக்கலாமா என்றுகூட விவாதம் நடந்தது.

கணிப்பகம் அவளைத் தண்டிக்கவில்லை. ஒலுஃப் அவளைத் தன் அறைக்கு அழைத்துக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். "உங்கள் தாய் எங்களை ஏமாற்றினார். ஆனால் விளைந்ததைத் தோண்டி யாரும் திரும்ப மண்ணுக்குள் புதைப்பதில்லை. உங்கள் குடியுரிமைக்கு ஒன்றும் ஆகாது" என்றார். அளக்கும்போது எடுத்த பழைய ரத்த மாதிரிகளை வந்து சேர்ந்த பிள்ளைகளின் ரத்தத்தோடு ஒப்பிடச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். இதுவரை அப்படிச் செய்யவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையாம்.

ஒப்பிட்டு முடிக்கச் சில வாரங்கள்தான் ஆயின. முளைப்பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் அளக்கப்பட்ட பிள்ளையில்லை. மாறி வந்தவர்களும் மற்றவர்களும் ஒரே அளவுக்குத்தான் படித்திருந்தார்கள், ஒரே அளவுக்குத்தான் சம்பாதித்தார்கள், ஒரே அளவுக்குத்தான் நோயுற்றார்கள். இயந்திரம் தேர்ந்ததற்கும் தாய் தேர்ந்ததற்கும் வித்தியாசமே இல்லை.

ஜெசிந்தா மறுபடியும் ஒலுஃபின் அறைக்கு ஓடினாள். "பார்த்தீர்களா? இனி இந்த எண் எதற்கு?"

ஒலுஃப் கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் இல்லை. களைத்துப்போனவர். "கப்பலில் இடம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். யாரையாவது விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். சீட்டுக் குலுக்கி விட்டுவந்தால் இங்கே இருக்கிறவர்களால் சாப்பிட முடியாது, ஜெசிந்தா. ஒரு காரணம் வேண்டும். அந்த எண் பிள்ளைகளுக்காக இல்லை. நமக்காக."

"அப்படியானால் தாய்மாரே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு வித்தியாசமும் இல்லையே."

"தாய்மார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே" என்றார் அவர். "நீங்கள் மேடையில் சொல்லாமல் இருந்திருந்தால் அப்படியே நடந்துகொண்டு போயிருக்கும்."

புதிய விதி ஐப்பசிக்கு முன்பே வந்துவிட்டது. அளக்கும் கூடத்துக்குள் தாய்மாருக்கு இனி அனுமதி இல்லை. எண் தோன்றிய அந்தக் கணத்திலேயே பிள்ளையின் காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், நெல்மணி அளவில் ஒரு வில்லை வைக்கப்படும். கழற்ற முடியாது. அதை நம்பகவில்லை என்றார்கள். தேர்வான பிள்ளை கப்பல் வரும்வரை தாயிடம் திரும்பப் போகாது.

ஜெசிந்தா குழுவிலிருந்து விலகினாள். விலகியதை அவளுடைய நேர்மைக்கு இன்னொரு சான்று என்று எழுதினார்கள். றீற்றாவைச் சிகிச்சைக்காக மட்டுமாவது அழைத்துவர விடுங்கள் என்று தெரிந்த அதிகாரிகளின் வாசல்களிலெல்லாம் ஏறி இறங்கினாள். உறவினருக்கு விலக்கு இல்லை என்றார்கள், மிகவும் மரியாதையாக. மருந்து வாங்கி அனுப்பினாள். அது தெப்பமுகாமின் பொதுக் களஞ்சியத்துக்குப் போனது.

பருவம் முடிந்து வேலைக்காரர்கள் திரும்பும் நாளில் துறைமுகத்தில் மழை தூறியது. றொசாலி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கூடாரத்துக்குள் இருந்தாள். ஜெசிந்தா வந்து நின்றதும் பக்கத்திலிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். அந்த மேடைப் பேச்சைத் தெப்பத்தில் பெரிய திரை கட்டிக் காட்டியிருந்தார்கள்.

"நான் இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை" என்றாள் ஜெசிந்தா.

"நான் சொன்னனான்."

"ஏதாவது வழி இருக்கும். நான் விடமாட்டேன்."

றொசாலி நிமிர்ந்தாள். "எனக்கு உன்னில கோவமெண்டு நினைக்காதை. கோவிக்க நீ எனக்கு ஆர்? நான் பாக்க வந்தது அம்மா காப்பாத்தின பிள்ளையை. அது எப்பிடி இருக்குதெண்டு பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்." அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். "அம்மா செத்தது நல்லம். இதைப் பாக்கேல்ல."

அவள் கப்பலில் ஏறும்போது திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஜெசிந்தா அனுப்பிய எந்தச் செய்திக்கும் பதில் வரவில்லை.

டெய்சியிடமிருந்துதான் ஒருமுறை குரல்செய்தி வந்தது, தை மாதத்தில். மெலனி தேர்வாகிவிட்டாள், மூன்று மாதமாகத் தன்னிடம் இல்லை என்று சொன்னாள். றீற்றா மார்கழி மழையில் இழுப்பு வந்து இறந்துவிட்டாள் என்று சொன்னாள். பின்னால் அலையடிக்கும் சத்தம் கேட்டது. கடைசியில், "மெலனிக்கு இன்னும் சொல்லேல்ல. பாக்க விடமாட்டாங்களாம்" என்று முடித்தாள்.

தேர்வான பிள்ளையை எடுத்து வளர்க்க எந்தக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம். அதற்கு உறவு தடையில்லை, ஏனென்றால் காகிதத்தில் அந்தப் பிள்ளை யாருக்கும் உறவில்லை. ஜெசிந்தா மெலனிக்காக விண்ணப்பித்தாள். வசதியும் நற்பெயரும் கொண்டவளுக்கு அனுமதி உடனே கிடைத்தது.

கப்பல் வந்த அன்று வெயில் அடித்தது. பிள்ளைகளை வரிசையாக இறக்கினார்கள். மெலனி ஒல்லியாக, கறுப்பாக, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு வீக்கம். ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்ததும் ஓடிவந்து, நெருங்கியதும் சட்டென்று நின்றாள். தன் அம்மம்மா இல்லை என்று தெரிந்துவிட்டது.

வரவேற்பு அதிகாரி இளைஞன், இன்முகம் கொண்டவன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இன்னும் வரவில்லை, நீங்களே சொல்லிவிடுகிறீர்களா என்று கேட்டான். பிள்ளைகள் எல்லாருக்கும் முதல் நாளில் சொல்லும் வாசகம் அது. அவன் சொல்லச் சொல்ல ஜெசிந்தா குனிந்து தமிழில் சொன்னாள்.

"உன்னை வரவேற்கிறோம். அத்தனை பேரிலும் நீதான் மிகச் சிறந்தவள். அதனால்தான் உன்னைத் தேர்ந்தெடுத்தோம்."

மெலனி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தமிழ் அவளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும்.

"றீற்றா எப்ப வருவாள்?" என்று கேட்டாள்.

ஜெசிந்தா அவள் சட்டைக் கழுத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"நான் அவளை அனுப்பச் சொல்லிச் சொன்னனான்" என்றாள் பிள்ளை. "அவளுக்குத்தான் மூச்சு விட ஏலாது. எனக்குக் கடல் பயமில்லை. நான் அம்மாவோட இருக்கிறன், அவளை எடுங்கோ எண்டு அந்த மாமாட்ட அழுதழுது சொன்னனான். அவருக்கு விளங்கேல்ல." அவள் காதுக்குப் பின்னால் தொட்டாள். "இதை இப்ப கழட்டினா அவள் வரலாமோ?"

"என்ன சொல்கிறாள்?" என்று அதிகாரி ஆவலோடு கேட்டான். முதல் நாளில் பிள்ளைகள் சொல்வதை எல்லாம் மொழிபெயர்க்கக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்பது புதிய விதி; அடுத்த விதிகள் அதிலிருந்துதான் வரும். அவன் கையிலிருந்த கருவியில் அந்த இடம் இன்னும் காலியாக இருந்தது.

ஜெசிந்தா பிள்ளையின் கையைக் காதிலிருந்து மெல்ல எடுத்துத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"குளிர்கிறதாம்" என்றாள்.

அவன் ஓடிப்போய் ஒரு கம்பளி கொண்டுவந்தான். வெயிலில் நின்ற பிள்ளைக்கு அதை இரண்டு பேருமாகச் சேர்ந்து போர்த்திவிட்டார்கள்.